திருவாதிரை வெடிக்கப் போகுதோ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்கழியில திருவெம்பாவைக்கு விடியக்காலம எழும்பேக்க எங்கட அம்மம்மா மேற்கால சாய்ஞ்சு நிக்கிற சிவப்பு வெள்ளியைக் காட்டி, அதுதான் திருவாதிரை, கும்பிடு பிள்ளை எண்டு சொல்லுவா. இப்ப யூரியூப்பில அது வெடிக்கப் போகுது, வானத்தில ரெண்டு சூரியன் தெரியும் எண்டெல்லாம் போடுகினம். ஒருக்கா அது மங்கியும் போனதாம். உண்மையோ? வெடிச்சால் எங்களுக்கு ஏதும் நடக்குமோ?
— வாசகி ஒருவர், உடுப்பிட்டி

பதில்: தங்கச்சி, மங்கினது உண்மை, நானே கண்ணால பாத்தனான். ஓரியன் எண்ட வேடன்ர இடுப்பில வரிசையா மூண்டு வெள்ளி இருக்குமெல்லே, அந்த வேடன்ர ஒரு தோள்தான் திருவாதிரை, வெளிநாட்டுக்காரர் பீற்றல்ஜூஸ் எண்டு சொல்லுவினம், மற்றத் தோள் பெலற்றிக்ஸ். வழமையா திருவாதிரைதான் நல்ல வெளிச்சம். 2020 மாசி மாசம் ஒரு நாள் இரவு எட்டு மணி போல முத்தத்தில நிண்டு பாத்தன், எங்கட யாழ்ப்பாணத்தில அந்த நேரம் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர மேல வரும், கழுத்து நோகப் பாத்துக்கொண்டு நிண்டனான், ரெண்டு தோளும் ஒரே அளவு வெளிச்சமாக் கிடந்தது. சின்ன வயசிலயிருந்து பாத்துப் பழகின ஒரு முகம் திடீரெண்டு வாடிப் போய் வந்து நிண்டால் எப்பிடி இருக்கும், அப்பிடித்தான் இருந்தது எனக்கு. வழமையான வெளிச்சத்தில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட வந்திட்டுது எண்டு அளந்து சொன்னவை.

ஏன் மங்கினது எண்டதுக்கு மறுமொழி ஒரே நாளில வரேல்ல, அதுதான் எனக்கு இந்தக் கதையில பிடிச்ச பகுதி. 2019 புரட்டாதிக்கும் கார்த்திகைக்கும் இடையில ஹபிள் ரெலஸ்கோப்பால அன்ட்ரியா டுப்ரீ எண்டவவின்ர குழு பாத்துக்கொண்டிருந்தது, புற ஊதா வெளிச்சத்தில. வெள்ளியின்ர உடம்பிலயிருந்து சூடான வாயு ஒரு பெரிய கட்டியா வெளிய கிளம்பிப் போறது அதில தெரிஞ்சுது. பேந்து அந்த வாயு தூரப் போய், ஆறி, தூசாப் போய், எங்களுக்கும் அதுக்கும் இடையில திரை மாதிரி நிண்டிட்டுது. சிலியில பாலைவன மலையில இருக்கிற விஎல்ரி ரெலஸ்கோப்பால எடுத்த படத்தில வெள்ளியின்ர தெற்குப் பக்கம் மட்டும் இருண்டு கிடக்கிறது வடிவாத் தெரியும், அதை 2021 இல வெளியிட்டவை. அவ்வளவு தூரத்து வெள்ளி ஒண்டை ஒரு புள்ளியா இல்லாமல் ஒரு தட்டா, ஒரு பக்கம் இருட்டா, படத்தில காணுறது எண்டது சின்ன விசயம் இல்ல.

இன்னொண்டு சொல்லவேணும். யப்பான்காரர் மழை மேகம் பாக்க விட்ட ஹிமவாரி-8 சற்றலைற் பூமியைப் படமெடுக்கேக்க ஓரத்தில திருவாதிரையும் விழுந்திருக்குது, வருஷக்கணக்கா! அந்தப் பழைய படங்களைத் தோண்டி எடுத்து அளந்து, தூசு மட்டும் இல்ல, வெள்ளியின்ர மேற்பரப்பும் 140 பாகை அளவில குளிர்ந்திருக்குது, ரெண்டும் சேர்ந்துதான் மங்க வச்சது எண்டு 2022 இல எழுதினவை. நாங்கள் புயல் வருகுதோ எண்டு பாக்கிற மாதிரிப் படத்துக்குள்ள இப்பிடி ஒரு விடை கிடந்திருக்குது.

2025 ஆடியில இன்னொரு செய்தி வந்தது. திருவாதிரைக்கு ஒரு துணை இருக்குதாம். ஹவாயில இருக்கிற ஜெமினி நோர்த் எண்ட 8.1 மீற்றர் ரெலஸ்கோப்பால, கண் வெட்டுற நேரத்திலயும் குறைஞ்ச நேரத்துக்கு ஆயிரக்கணக்கில படம் எடுத்து, காத்தால வாற மினுமினுப்பைக் கழிச்சுப் போட்டுப் பாத்தவை. சூரியனைப்போல ஒண்டரை மடங்கு நிறை, ஆனா திருவாதிரையின்ர வெளிச்சத்துக்குள்ள முழுசாப் புதைஞ்சு கிடக்குது. திருவாதிரை ஆறு வருஷத்துக்கு ஒருக்கா கூடிக் குறையிறதுக்கு இப்பிடி ஒண்டுதான் காரணமா இருக்கவேணும் எண்டு முந்தியே கணக்குப் பாத்து வச்சவை. எண்டாலும் ஆதாரம் இன்னும் பலமில்ல எண்டு கண்டவையே சொல்லியிருக்கினம், 2027 கார்த்திகையில அது நல்லா விலகி நிக்கும், அப்ப திரும்பப் பாப்பம் எண்டு. இப்பிடிச் சொல்லுற ஆக்களைத்தான் நான் நம்புவன்.

வெடிக்கிறது எண்டால், வெடிக்கும்தான், ஆனா மங்கினதுக்கும் வெடிக்கிறதுக்கும் தொடர்பில்ல, கனபேர் போட்ட கணக்கில இன்னும் ஒரு லட்சம் வருஷம் அளவில இருக்குது. வெடிச்சாலும் சந்திரன் மாதிரி வெளிச்சமா, பகலிலயும் தெரியிற ஒரு புள்ளியா நிக்கும், ரெண்டாம் சூரியன் எண்டது பொய். அது 500 இலயிருந்து 700 ஒளியாண்டு தூரத்தில இருக்குது (ஒரு ஒளியாண்டு எண்டது வெளிச்சம் ஒரு வருஷத்தில போற தூரம்), அங்கயிருந்து எங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. அம்மம்மாவிட்டச் சொல்லுங்கோ, அவ கும்பிடுற அந்த வெளிச்சம் நல்லூரில ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தில வெளிக்கிட்டது எண்டு.

கேள்வி: கே2-18பி எண்ட கிரகத்தில உயிர் கண்டுபிடிச்சாச்சு எண்டு பேஸ்புக்கில பாத்தன். 124 ஒளியாண்டுக்கு அங்கால இருக்கிறதை எப்பிடி மணந்து பாக்கினம்?
— ஏ.எல். மாணவி, சுன்னாகம்

பதில்: மணந்து பாக்கிறது எண்டு சரியாத்தான் கேட்டிருக்கிறியள் பிள்ளை. அந்தக் கிரகம் 33 நாளுக்கு ஒருக்கா தன்ர சிவப்புச் சூரியனுக்கு முன்னால போகுது, அப்ப சூரியன்ர வெளிச்சத்தில கொஞ்சம் கிரகத்தின்ர காத்துக்குள்ளால வருகுது, ஒவ்வொரு வாயுவும் தனக்கெண்ட நிறத்தை விழுங்கிப்போட்டு மிச்சத்தை விடும். ஜேம்ஸ் வெப் ரெலஸ்கோப் அகச்சிவப்பில அந்தக் குறையை அளக்குது. 2023 இல மீதேனும் காபனீரொட்சைட்டும் தெரிஞ்சுது. 2025 சித்திரையில கேம்பிரிட்ஜில நிக்கு மதுசூதன்ர குழு டைமெதைல் சல்பைட் அல்லது அதுக்குக் கிட்டின இன்னொண்டு இருக்கலாம் எண்டு சொன்னது. கடற்கரையில பாசி கிடந்தால் ஒரு மணம் வருமெல்லே, அதில இந்த வாயுவுக்கும் பங்கிருக்கு, பூமியில கூடுதலா கடல் நுண்ணுயிர்தான் அதைச் செய்யுது, அதாலதான் இவ்வளவு பரபரப்பு.

ஆனா அவை சொன்னது மூண்டு சிக்மா. தற்செயலா அப்பிடித் தெரியிறதுக்கு ஆயிரத்தில மூண்டு வாய்ப்பு எண்டு வையுங்கோ, கண்டுபிடிச்சம் எண்டு சொல்ல ஐஞ்சு சிக்மா வேணும், அது பத்து லட்சத்தில ஒண்டுக்கும் குறைவு. வேற குழுக்கள் அதே தரவை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டு, உறுதியா ஒண்டும் தெரியேல்ல எண்டிட்டினம். அதுக்கு மேல, உயிரே இல்லாத 67பி எண்ட வால்வெள்ளியிலயும் இந்த வாயு இருக்குதெண்டு தெரிய வந்திட்டுது. ஆரும் கேட்டால், இன்னும் இல்ல எண்டு சொல்லுங்கோ.

கேள்வி: வைகாசியில இரவு தொழிலுக்குப் போட்டுக் கரையைப் பாத்துத் திரும்பேக்க தெற்கால சிலுவை மாதிரி நாலு வெள்ளி, அதுக்கு இடப்பக்கம் ரெண்டு பெரிய வெள்ளி. அதுகளுக்கும் எங்களைப்போல கிரகம் இருக்கோ?
— கடற்றொழிலாளி, மயிலிட்டி

பதில்: அண்ணா, சிலுவைக்குத் தள்ளி நிக்கிற, கூட வெளிச்சமானதுதான் அல்பா சென்ரோரி, 4.3 ஒளியாண்டு, சூரியனை விட்டால் எங்களுக்குக் கிட்டின வெள்ளிக் குடும்பம். அதில உங்கட கண்ணுக்குத் தெரியாத சின்னச் சிவப்பு வெள்ளி ஒண்டுக்குக் கிரகம் இருக்குதெண்டு 2016 இலயே சொல்லிட்டினம். பெரிய வெள்ளிக்கு இருக்கோ எண்டுதான் ஜேம்ஸ் வெப் பாத்தது. பக்கத்து வள்ளத்தில பெரிய லைற் எரிஞ்சால் அங்கால உள்ள சிம்னி விளக்குத் தெரியாதெல்லே, கையால லைற்றை மறைச்சுப் பாப்பம், அதே வேலையைத்தான் அவை ஒரு மறைப்பு வச்சுச் செய்தவை. 2024 ஆவணியில சனிக்கிரகம் அளவில ஒண்டு தெரிஞ்சுது. 2025 மாசியிலயும் சித்திரையிலயும் திரும்பப் பாக்கக் காணேல்ல. சுத்திக்கொண்டு போய் வெள்ளிக்குக் கிட்டப் புகுந்திருக்கலாம், கணக்குப் பாத்தால் அப்பிடி நடக்க அரைவாசி வாய்ப்பிருக்குதாம்.

நீங்கள் ஒண்டெண்டு பாக்கிற அந்தப் பெரிய வெள்ளி உண்மையில ரெண்டு. பக்கத்தில ஆரிட்டயும் சின்ன ரெலஸ்கோப் இருந்தால் கேட்டு ஒருக்காப் பாருங்கோ, பனைவடலிக்கு மேல நிக்கிற நேரத்தில, ரெண்டாப் பிரிஞ்சு தெரியும்.