மலையகத்தில் வீட்டிலேயே போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ வைக்க 10க்கு 12 அறை போதுமா?

கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே! என் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில்தான் நான் தொடங்கினேன். உங்களுடையதைப் போலவே 10க்கு 12 காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதாவது விறாந்தை. எல்லோரும் சதுர அடியைத்தான் கேட்கிறார்கள், ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது நீளம். இப்போது 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீட்டுக்கு வந்துவிட்டோம். இடம் கூடியது, ஆனால் குறுக்கே சுவர் வந்ததால் நேராக ஓடும் நீளம் குறைந்துவிட்டது. பழைய காம்பராவை நினைத்து ஏங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கணக்கு இதுதான். ஆளுக்கும் பின்திரைக்கும் இடையில் நாலைந்து அடி விட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் திரையிலேயே விழும். கமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்க 2 அடி. மிச்சம்தான் கமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம். க்ரொப் சென்சர் (முழு அளவைவிடச் சின்ன சென்சர்) கமராவில் 50 எம்எம் லென்ஸைப் போட்டு நெடுக்காகப் பிடித்தால், இடுப்பளவு படத்துக்கு ஏறத்தாழ 8 அடி, தலை முதல் கால் வரை என்றால் 16 அடி. கூட்டிப் பார்த்தால் இடுப்பளவுக்கு 14, முழு ஆளுக்கு 22 அடிக்கு மேல். 12 அடிக்குள் தோள் வரைக்கும் எடுக்கலாம், அதுவும் இறுக்கமாகத்தான். வைட் லென்ஸைப் போட்டுக் கிட்டப் போகலாமே என்று தோன்றும். போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும்.

எனக்கு வந்த முதல் வேலை ஒரு பிள்ளையின் மஞ்சள் நீராட்டுப் படம். பட்டுச் சாரி, பூ அலங்காரம் எல்லாம் நன்றாக வந்தது. தாயார் கமராத் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கொலுசு தெரியலையே?" என்றார். கொலுசு புதுசு. சுவரோடு முதுகை ஒட்டி நின்றுதான் எடுத்திருந்தேன், அதற்கு மேல் போக இடமில்லை. சரி என்று கதவைத் திறந்து இஸ்தோப்புக்குப் போனேன், அப்புறம் படியிறங்கி வாசலுக்கே போய்விட்டேன். வெளியே மழை. பக்கத்து வீட்டுப் பையன் கமராவுக்குக் குடை பிடித்தான், நான் நனைந்தேன். இரண்டரை அடி அகலக் கதவுச் சட்டத்துக்குள் படம் மட்டுமட்டாக அடங்கியது, கொலுசும் விழுந்தது. அன்றிலிருந்து பின்திரை கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில்தான். விளக்கெல்லாம் உள்ளே, நான் வெளியே.

அந்தப் படத்தில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. சுவர் இளம்பச்சை. சின்ன அறையில் பிளாஷ் வெளிச்சம் எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பும், திரும்பும்போது நிறத்தையும் கொண்டுவரும். பிள்ளையின் ஒரு பக்கக் கன்னம் பாசி பிடித்தது போல இருந்தது. சுவருக்கும் சீலிங்குக்கும் வெள்ளை அடித்துவிடுங்கள். முகத்தில் ஒரு பக்கம் நிழல் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிடலாம். சீலிங் 8 அடிதான் என்றால், உயரமான ஆளை நிற்கவைத்துத் தலைக்கு மேலே, வெளிச்சத்தை மென்மையாக்கும் சொஃப்ட்பொக்ஸ் பிடிக்க முடியாது. கதிரையில் உட்காரவைத்துவிடுங்கள்.

பின்திரைக் கடதாசி ரோல் 2.72 மீட்டர் அகலத்தில் வரும், கிட்டத்தட்ட 9 அடி. ஸ்டாண்டும் சேர்ந்தால் உங்கள் 10 அடிச் சுவர் முடிந்தது. 1.35 மீட்டர் ரோலே ஒரு ஆளுக்குப் போதும். ஆனால் எங்கள் ஈரத்துக்குக் கடதாசி அலை அலையாக நெளியும். நான் பின்சுவருக்கே சாம்பல் நிறம் அடித்துவிட்டேன், செலவும் மிச்சம்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு வடக்குப் பக்கம்தான் நல்லது, நேர் வெயில் வராது என்று படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகைதான், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஹட்டன் பக்கத்தில் அந்த மாதங்களில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழை, மூட்டமே சூரியனை மறைத்துவிடும். வெளுத்த நாளுக்கு மட்டும் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுவேன். பண்டாரவளை, பதுளைப் பக்கம் என்றால் இந்த மழை உங்களுக்குக் கைகொடுக்காது, திரை கட்டாயம் வேண்டும்.

லென்ஸை இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இல்லாவிட்டால் பங்கஸ் வரும். அடையாள அட்டைப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று நினைத்தால், அதற்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவாக இருக்க வேண்டும், அதை முதலில் விசாரியுங்கள்.

ஒன்றும் வாங்குவதற்கு முன் அளவு நாடாவை எடுத்து, பின்சுவரிலிருந்து கதவு வழியாக வாசல் வரை நேராகப் பிடித்துப் பாருங்கள். 22 அடிக்கு மேல் வந்தால் 50 எம்எம். 18 அடியோடு நின்றால் 35 எம்எம் வாங்குங்கள். கதவு பக்கச் சுவரில் இருந்தால் எழுதுங்கள், அதற்கு வேறு வழி பார்ப்போம்.