ஈராக்கில் இருக்கும் மகன் ஏன் வரி கட்ட வேண்டும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கிராம சேவகர், கொக்கட்டிச்சோலை. யுத்த காலம் முழுக்க, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில்தான் கடமை. சம்பளத்தில் வருமான வரி வெட்டியதில்லை. மகன் அமெரிக்கப் பிரஜை. அந்நாட்டு இராணுவத்தில் சிவிலியன் பொறியியலாளராக ஈராக்கில் நிற்கிறான். சிப்பாய்க்கு வரி இல்லை, இவனுக்கு முழு வரி. 'வெளிநாட்டு உழைப்பு என்று போட்டுத் தப்பலாம்' என்கிறார்களாம் கூட்டாளிகள். செய்யலாமா?

பதில்: செய்யவே வேண்டாம் ஐயா, இன்றே சொல்லிவிடுங்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் 911ஆம் பிரிவு வெளிநாட்டில் உழைப்பவருக்கு 2025இல் 130,000 டொலர் வரை விலக்குத் தருகிறது. ஆனால் அமெரிக்க அரசு கொடுக்கும் சம்பளத்துக்கு அது பொருந்தாது. அந்தக் கூட்டாளிகள் ஒப்பந்தக் கம்பனி ஆட்களாக இருக்கலாம், அவர்களுக்குக் கிடைக்கும். மகன் கோரினால் குறைத்துக் கட்டிய வரியோடு வட்டியும் 20 வீதத் தண்டமும் வரலாம். ஏற்கெனவே கோரியிருந்தால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தி அனுப்பட்டும்.

சிப்பாய்க்கு விலக்குத் தருவது 112ஆம் பிரிவு. அது ஆயுதப்படையினருக்கு மட்டும். ஒரே முகாமில், ஒரே குண்டுக்குப் பயந்து படுக்கும் சிப்பாய், கம்பனி ஆள், அரச சிவிலியன் ஆகிய மூவரில் அரச சிவிலியன் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறார். இது அநீதி என்றே சொல்வேன். ஆபத்துப் படி கிடைக்கிறதே என்பார்கள். அந்தப் படிக்கும் வரி உண்டு. இதைச் சரிசெய்ய வேர்ஜீனியா உறுப்பினர் பிராங்க் வுல்ஃப் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் சட்டமூலம் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை.

உங்கள் கதையும் நியாயமாக முடிந்ததல்ல. 2011 ஏப்ரல் வரை இலங்கை அரச ஊழியர் எவர் சம்பளத்துக்கும் வருமான வரி இல்லை. கோவைகளைச் சுமந்து மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கி நின்ற உங்களுக்கும், கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்தவருக்கும் ஒரே சலுகைதான். யுத்தத்துக்கென்று தனி வரிச் சலுகை எதுவும் தரவில்லை.

சரி, மகனுக்கு என்ன உண்டு? குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கான படி கிடைத்தால் அதற்கு வரி இல்லை. இராணுவத்துக்குத் துணையாக வேலை செய்வதால், ஈராக்கை விட்டு வந்த பின் படிவம் அனுப்பவும் வரி கட்டவும் குறைந்தது 180 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தண்டமும் வட்டியும் ஏறாது. சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்: தாக்குதலில் காயப்பட்டு இறக்கும் அரச சிவிலியனின் வரியை, காயப்பட்டதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே சட்டம் தள்ளுபடி செய்கிறது. அந்த இடத்தில் அவரும் சிப்பாயும் சமம்.

ஈராக்குக்குப் போன, திரும்பிய தேதிகளைக் காட்டும் கட்டளைக் கடிதங்களை மகன் பத்திரமாக வைத்திருக்கட்டும். அவகாசம் கோரும்போது அவைதான் சாட்சி.