புருவமத்தியில் வலி: அடைப்பு என்று அஞ்ச வேண்டாம்

வணக்கம். புருவமத்தியில் உள்ள சக்தி மையமாக யோக மரபு சொல்லும் ஆக்ஞைச் சக்கரத்தில் 20 நிமிடங்கள் மனத்தை நிறுத்தினால் நெற்றி கனத்து வலிப்பதாகவும், அது சக்கர அடைப்பு என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. கண்களை மூடியிருந்தாலும், கவனத்தை அங்கே குவிக்கும்போது நம்மை அறியாமலே விழிகள் மேல்நோக்கிச் செருகிப் புருவத் தசைகள் இறுகிவிடுகின்றன. விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் அந்த இறுக்கம் தெரியும். யோக மரபு உயிராற்றல் ஓடும் பாதைகளாக 72,000 நாடிகளைச் சொன்னாலும், இடது நாசியோடு சேர்ந்த இடகலை, வலது நாசியோடு சேர்ந்த பிங்கலை ஆகிய இரண்டையும் மூச்சால் சீராக்கும் நாடிசுத்தியையே முதலில் வைக்கிறது. ஆகவே சில வாரங்களுக்கு, மூச்சை அடக்காமல், நாசிகளை மாற்றி மாற்றி மெதுவாக வாங்கி விடுங்கள். கவனம் மூச்சின் ஓட்டத்தில் இருந்தால் போதும். தியானம் செய்யாத நேரத்திலும் வலி நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ, தயவுசெய்து தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.