1898: பிரான்ஸின் ஓர் ஆண்டு (கேள்வி பதில்)

கே: ட்ரேஃபுஸ் வழக்கு நடந்தது 1898-ல்தானே ஐயா?

இல்லை. ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் கொடுத்ததாக, யூதரான பிரெஞ்சு ராணுவ கேப்டன் ஆல்ஃபிரெட் ட்ரேஃபுஸுக்குத் தண்டனை விதித்தது 1894 டிசம்பரில். 1898-ல் அவர் தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால், பேய்த்தீவில் தனிச்சிறையில் இருந்தார். இந்த விவகாரத்தை மாதம், ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள். இல்லாவிட்டால் குழம்பும்.

கே: நாவலாசிரியர் எமில் ஜோலா ட்ரேஃபுஸுக்காக அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை ஏன் அப்போது எழுதினார்?

உண்மையில் ரகசியத்தை விற்ற ராணுவ அதிகாரி எஸ்தெர்ஹாசியை ராணுவ நீதிமன்றம் ஜனவரி 11-ல் விடுவித்தது. 13-ம் தேதி ‘லோரோர்’ நாளிதழின் முதல் பக்கத்தில், குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபோருக்கு ஜோலா எழுதிய கடிதம் வந்தது. ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்ற தலைப்பு அந்த நாளிதழில் இருந்த அரசியல்வாதி கிளெமான்சோ வைத்தது. ஜோலா தளபதிகளைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். தன் மேல் வழக்குப் போடட்டும், சாட்சியங்கள் பொது நீதிமன்றத்துக்கு வரட்டும் என்பதே நோக்கம். பிப்ரவரியில் அவருக்கு ஓராண்டுச் சிறை, 3,000 பிராங்க் அபராதம் விதித்தார்கள். ஜூலையில் லண்டனுக்குப் போய்விட்டார். அதே ஜனவரியில் பல ஊர்களில் யூதர்களின் கடைகளைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. இதை விட்டுவிட்டுக் கடிதத்தின் வீரத்தை மட்டும் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கே: ஈஃபிள் கோபுரமும் அந்த ஆண்டுதானா?

1889.

கே: ரேடியம்?

ஆம். கியூரி தம்பதி ஜூலையில் பொலோனியத்தை அறிவித்தார்கள், டிசம்பரில் ரேடியத்தை. மேற்கொண்டு இயற்பியல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: ட்ரேஃபுஸ் 1898-ல் விடுதலையானாரா?

இல்லை. 1899-ல் மன்னிப்பு, 1906-ல் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு.

கே: எப்படியானாலும் ஜோலாவின் கடிதம்தானே எல்லாவற்றையும் மாற்றியது?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடைக்காலம் வரை ராணுவத்தின் கைதான் ஓங்கியிருந்தது. திருப்பம் வந்தது எதிர்த்தரப்பிலிருந்து. ஜூலை 7-ல் போர் அமைச்சர் கவெஞ்ஞாக், ட்ரேஃபுஸ் குற்றவாளிதான் என்று நிரூபிக்க நாடாளுமன்றத்தில் கடிதங்களைப் படித்துக் காட்டினார். உறுப்பினர்கள் உற்சாகமாகி, அந்த உரையை நாட்டின் எல்லா ஊர்களிலும் சுவரொட்டியாக ஒட்ட வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 13 இரவு, அமைச்சரின் அலுவலகத்து அதிகாரி க்யூஞே விளக்கொளியில் அந்தக் கடிதங்களில் முக்கியமானதைப் பார்த்தார். தலைப்பும் கையெழுத்தும் இருந்த தாளின் கோடுகளுக்கு ஒரு நிறம், நடுப்பகுதியின் கோடுகளுக்கு வேறு நிறம். இரண்டு தாள்களை ஒட்டிச் செய்த போலி அது. செய்தவர் உளவுப்பிரிவு கர்னல் ஆன்றி. ஆகஸ்ட் 30-ல் ஒப்புக்கொண்டார். மறுநாள் மோன்-வலேரியன் கோட்டையில் சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டார்.

கே (மீண்டும் அவரே): ஜோலா கிளப்பிய புயல் இல்லையென்றால் கவெஞ்ஞாக் ஏன் கடிதத்தைப் படிக்கப் போகிறார்?

நியாயமான கேள்வி. புயல் கிளம்பியது ஜோலாவால்தான், மறுக்கவில்லை. ஆனால் புயல் மட்டும் போதாது. பெட்டிக்குள் இருந்த ஆவணம் வெளியே வந்து, நேர்மையான ஒருவர் கண்ணில் பட வேண்டியிருந்தது. அதே கடிதம் போலி என்று பகிரங்கமாக எழுதிய பிக்காரை, உளவுப்பிரிவின் முன்னாள் தலைவரை, அந்த ஜூலையிலேயே கைது செய்தார்கள் என்பதை மறக்காதீர்கள்.

கே: ஃபஷோதா விவகாரத்தில் போர் வந்திருக்குமா?

ஆபத்து நிஜம். ஆப்பிரிக்காவில் மேல் நைல் பகுதியிலிருந்த அந்த இடத்துக்கு பிரெஞ்சு அதிகாரி மார்ஷான் ஜூலையில் வந்து பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் பெரும்படையோடு வந்தார். பிரிட்டிஷ் கடற்படைக்கு பிரான்ஸ் ஈடில்லை. நவம்பரில் மார்ஷானுக்குப் பின்வாங்க உத்தரவு போனது.

கே: அப்போ டிசம்பரில் ட்ரேஃபுஸ் வீட்டுக்கு வந்துவிட்டாரா?

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: போலி அம்பலமானதும் கவெஞ்ஞாக் மனம் மாறினாரா?

இல்லை. ட்ரேஃபுஸ் குற்றவாளி என்று நம்பியபடியே செப்டம்பர் தொடக்கத்தில் பதவி விலகினார். அவர் போன பிறகுதான் பிரதமர் பிரிசோனின் அரசு ட்ரேஃபுஸ் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. மறுஆய்வு மனுவை நீதிபதிகள் அக்டோபர் 29-ல் ஏற்றுக்கொண்டார்கள்.