பத்து ஏக்கர் யூக்கலிப்டஸ்: வியாபாரி பக்கமா, தங்கச்சி பக்கமா?

கேள்வி இதுதான்: பண்டாரவளைப் பக்கம் அப்பா விட்டுப்போன பத்து ஏக்கர் யூக்கலிப்டஸ் வெட்டும் வயதுக்கு வந்துவிட்டது. தங்கச்சி அங்கேயே ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறா. மொட்டை மலையைப் பார்க்க யார் வருவார்கள் என்கிறா. மர வியாபாரியோ முழுவதையும் ஒரே தடவையில் தந்தால்தான் நல்ல விலை என்கிறார். அழகையும் காசையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

முடியும். நான் வனத்துறைக்காரன் இல்லை. கொழும்பில் ஒரு தோட்டக் கொம்பனியின் தலைமை அலுவலகத்தில் பதினேழு வருடம் கணக்குப் பார்த்தவன். தேயிலை விலை விழுந்த வருடங்களில் மரம் விற்ற காசுதான் எங்கள் வரவுப் பக்கத்தை நிமிர்த்தியது. ஆகவே காசில் இருந்தே தொடங்குகிறேன்.

எல்லாரும் விடும் பிழை, அழகுக்காக விடும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே விலை போடுவது. காட்டுக்குள் நெருக்கமாக நிற்கும் யூக்கலிப்டஸ் வெளிச்சம் தேடி நேரே உயரும், கீழ்க்கொப்புகள் தானாகக் காய்ந்து விழும். ஓரத்து மரத்துக்கு ஒரு பக்கம் எப்போதும் வெயில். கீழ்க்கொப்பு காயாது, கொப்பு நின்ற இடமெல்லாம் கணு, அடி பருத்து நுனி சிறுக்கும். மர ஆலைக்காரன் அதைப் பார்த்தவுடன் முகத்தைச் சுளிப்பான். ஆனால் றோட்டில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது அந்த ஓரம் மட்டும்தான். அழகு இருக்கும் இடத்தில் காசு குறைவு. இது உங்களுக்கு நல்ல செய்தி.

இனி, கண்ணில் படும் துண்டை மட்டும் இப்போது விட்டு ஐந்து வருடம் பிந்தி வெட்டினால் என்ன நட்டம்? ஒரு பேச்சுக்கு ஏக்கருக்கு 10 இலட்சம் ரூபா என்று வைப்போம். பணவீக்கம் கழித்த வட்டி 4 சதவீதம், முற்றிய மரம் வருடத்துக்கு 2 சதவீதம் பெருக்கிறது என்றால், வங்கியில் போட்ட காசு 12.17 இலட்சம், நிற்கும் மரம் 11.04 இலட்சம். ஏக்கருக்கு 1.13 இலட்சம் துண்டு விழும். இரண்டு ஏக்கர் விட்டால் 2.26 இலட்சம், அது முழுக் காணியின் 100 இலட்சத்தில் இரண்டேகால் சதவீதம் மாதிரி. இதோடு அந்த நிலத்தில் அடுத்த நடுகை பிந்தும் நட்டத்தையும் சேர்க்க வேண்டும். நிற்கும் மரம் தான் பிடித்துவைத்திருக்கும் நிலத்துக்கும் வாடகை கட்டவேண்டும் என்று ஜெர்மனியில் பவுஸ்ட்மான் என்ற வனவியலாளர் 1849இலேயே கணக்கு எழுதிவைத்தார். அதையும் கூட்டினாலும் மொத்த நட்டம் கெஸ்ட் ஹவுஸில் சில நல்ல மாதங்களின் வருமானம் அளவுதான் வரும். ஒன்று மட்டும்: 2022இல் அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியபோது, மரத்தை எல்லாம் வெட்டி வங்கியில் போடு என்று சொன்னவர்கள் பலர். அதே வருடம் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டதை மறந்துவிட்டார்கள். மரக் கணக்கில் பணவீக்கம் கழித்த வட்டியைத்தான் போடவேண்டும்.

அடுத்து எதை விடுவது, எப்படி விடுவது. இதில்தான் எனக்குச் சூடு பட்டது. எங்கள் கொம்பனித் தோட்டம் ஒன்றில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்று றோட்டோரம் இரண்டு வரிசை மரத்தை விட்டுவிட்டுப் பின்னால் முழுவதையும் வெட்டினார்கள். செலவுக் குறிப்பில் அதற்குத் ‘திரை’ என்று அழகாகப் பெயர் எழுதியவன் நான்தான். அடுத்த ஆடிக் காற்றில் பாதித் திரை றோட்டில் கிடந்தது, ஒரு மரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில். பகல் நேரம், ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள், தப்பினோம். தகரம், கரண்ட் கம்பி, றோட்டைத் துப்புரவாக்கிய கூலி என்று போன காசு, அந்த மரங்களை முதலே விற்றிருந்தால் வந்திருக்கும் காசைவிடக் கூட.

கூட்டத்துக்குள் வளர்ந்த மரம் காற்றையே அறியாதது. பக்கத்து மரங்களை எடுத்ததும் அதன் வேர் தாங்காது. காற்று வரும் பக்கத்து ஓரம் மட்டும் சின்ன வயதிலிருந்தே அடி வாங்கிப் பழகியது. ஆகவே மெல்லிய வரிசை விடாதீர்கள். விடுவதென்றால் பழைய ஓரத்தோடு சேர்த்துக் கனமான துண்டாக விடுங்கள்.

வெட்டும் துண்டின் வடிவத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. பிரித்தானியாவில் 1919இல் தொடங்கிய வன ஆணைக்குழு மலைகளில் நேர்கோடு போட்டு ஊசியிலை மரங்களை நட்டு, சனங்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டது. 1963இல் சில்வியா குரோவ் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளரை ஆலோசகராக வைத்தார்கள். பிறகு அங்கே வளர்ந்த பாடம் எளியது: காட்டின் விளிம்பு பள்ளத்தில் மேலேறவேண்டும், மேட்டில் கீழிறங்கவேண்டும்; சதுரமாக வெட்டினால் மலை அரைகுறையாகச் சிரைத்த தலை மாதிரி நிற்கும். உங்கள் காணியிலும் ஓடையோரப் பள்ளத்தை வெட்டாமல் விட்டு நாட்டு மரம் வளரவிடலாம். அங்கே மரம் நன்றாகத்தான் பெருத்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கிருந்து மரத்தை இழுத்து லொறிக்குக் கொண்டுவரும் கூலியில் அந்த இலாபம் கரைந்துவிடும், தண்ணீரும் கலங்கும்.

வியாபாரி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆட்களையும் லொறியையும் இரண்டு தடவை கொண்டுவருவது அவருக்குச் செலவு. ஆனால் இரண்டு தடவைக்கு மேல் துண்டாக்காமல் கேட்டால் விலை பேசலாம். காய்ந்த மாதங்களில் வெட்டி ஒக்டோபர் மழைக்கு முன் முடிக்கச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அது மரம் வெட்டியதால் வந்தது என்று சொல்லவில்லை. அந்த மாத மழையில் செங்குத்துச் சரிவு வெறுமையாக நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அடிக்கட்டையைப் பிடுங்காதீர்கள், யூக்கலிப்டஸ் தானே துளிர்க்கும். பைனஸ் என்றால் அந்த வசதி இல்லை. வெட்டவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்பதை முதலே பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முற்பணம் வாங்குமுன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் வாசலிலும் எதிர் மலை றோட்டிலும் நின்று போட்டோ எடுங்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, உண்மையில் கண்ணில் படும் துண்டை மட்டும் பென்சிலால் வரையுங்கள். இரண்டு ஏக்கருக்கு மேல் வராது என்று பந்தயம் கட்டுவேன்.