அசர்ட்டின் வாயைக் கட்டாதீர்கள்: இன்டரப்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, எஸ்டிஎம்32 சிப் உள்ள போர்டில் ஃப்ரீஆர்டாஸ் (பல டாஸ்க்குகளை, அதாவது வேலைகளை, மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்; அதன் மையம் கெர்னல், அடுத்த டாஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது ஷெட்யூலர்) ஓட்டுகிறவர்களுடையது. இன்டரப்ட் என்பது ஓடும் வேலையை இடைமறித்து ஹார்டுவேர் கொடுக்கும் குரல்; அதற்காக ஓடும் ஃபங்ஷன்தான் ஐஎஸ்ஆர், அதாவது ஹேண்ட்லர். அசர்ட் என்பது ஒரு நிபந்தனையைச் சோதித்து, தவறினால் புரோகிராமை அங்கேயே நிறுத்தும் வரி. வேறு சிப் என்று சொல்லாத இடத்திலெல்லாம் கார்டெக்ஸ்-எம்4 பிராசஸர், இன்டரப்ட்டுக்கு நான்கு பிட் முன்னுரிமை, அதாவது 0 முதல் 15 வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: என் டாஸ்க்கின் முன்னுரிமை 5. யூஆர்ட் (சீரியல் போர்ட்) இன்டரப்ட்டின் முன்னுரிமையும் 5. இரண்டும் ஒரே நேரத்தில் தயாரானால் எது முதலில் ஓடும்?

ப: இன்டரப்ட். டாஸ்க்குக்கு 5 என்ன, 50 கொடுத்தாலும் இன்டரப்ட்தான். இந்த இரண்டு எண்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டாஸ்க்கில் பெரிய எண் உசத்தி, அதைப் பார்ப்பது கெர்னல். இன்டரப்ட்டில் சின்ன எண் உசத்தி, அதைப் பார்ப்பது சிப்புக்குள் இருக்கும் என்விஐசி என்ற இன்டரப்ட் கன்ட்ரோலர். இந்தத் தலைகீழ் கணக்கு மனதில் பதியாதவரை மேற்கொண்டு ஒரு வரியும் எழுத வேண்டாம்.

கே: ஐஎஸ்ஆருக்குள் பிரின்ட்எஃப் போடலாமா? டீபக் செய்ய மட்டும்தான்.

ப: கூடாது. ஒரு பின்னை மேலே கீழே ஆட்டி ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள்.

கே: மெயினில் கியூ (டாஸ்க்குகளுக்குத் தகவல் அனுப்பும் வரிசை) ஒன்றை உருவாக்கிய பிறகு ஹால்-டிலே (சற்று நேரம் காத்திருக்கும் ஃபங்ஷன்) போட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. அதே டிலேயைக் கியூவுக்கு மேலே போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. என் போர்டு பழுதா?

ப: போர்டின் மேல் பழி போடாதீர்கள். ஷெட்யூலர் தொடங்கும் முன் நீங்கள் கூப்பிடும் கெர்னல் வேலைகள், இன்டரப்ட்டுகளை முகமூடி போட்டுத் தடுத்து வைக்கும் கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் போய்த் திரும்பும். அதை எண்ணும் கவுன்டருக்கு ஆரம்ப மதிப்பாகப் பூஜ்யத்தை வைக்காமல், வேண்டுமென்றே ஒரு பிரமாண்டமான எண்ணை வைத்திருக்கிறார்கள். அதனால் வெளியே வரும்போது கவுன்டர் பூஜ்யத்தைத் தொடாது, இன்டரப்ட் முகமூடியும் கழலாது. ஷெட்யூலர் தொடங்கும்போதுதான் கழலும். கெர்னல் அரைகுறையாக எழுந்திருக்கும் நேரத்தில் எந்த ஐஎஸ்ஆரும் உள்ளே புகுந்து எதையும் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உங்கள் டிலே எண்ணிக்கொண்டிருக்கும் சிஸ்டிக் டைமர் கடைநிலை முன்னுரிமையில் இருப்பதால் அதுவும் முகமூடிக்குள் மாட்டிக்கொள்கிறது. கியூப்எம்எக்ஸ் என்ற அமைப்புக் கருவியில், டிலே எண்ணும் டைம்பேஸை டைமர் 6-க்கு மாற்றிப் பார்த்தேன் என்கிறீர்கள். அதன் முன்னுரிமை 15 என்று இருந்தால் அதே கதைதான். டிலே வேண்டிய வேலைகளை ஒரு டாஸ்க்குக்குள் கொண்டுபோங்கள்.

கே: சார், இன்டரப்ட் வரவில்லை. கோட் எல்லாம் சரியாக இருக்கிறது. அவசரம்.

ப: எந்தச் சிப், எந்தப் பின், என்ன முன்னுரிமை, ஒன்றும் எழுதவில்லை. அவசரம் என்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கோட் எல்லாம் சரியாக இருந்தால் இன்டரப்ட் வந்திருக்கும். ஹேண்ட்லரின் பெயரை ஸ்டார்ட்டப் கோப்பில் உள்ள பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அங்கே எல்லாப் பெயரும் வீக், அதாவது அதே பெயரில் வேறொன்று இருந்தால் விட்டுக்கொடுக்கும், என்று அறிவிக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தாலும் லிங்கர் முணுமுணுக்காது. சிப் போய் டிஃபால்ட் ஹேண்ட்லரில் உட்கார்ந்து சுற்றும். கோப்பு சி++ ஆக இருந்தால் ஹேண்ட்லருக்கு முன் எக்ஸ்டர்ன் சி போட்டீர்களா என்றும் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மேலே கேட்ட விவரங்களோடு எழுதுங்கள்.

கே: ஐஎஸ்ஆரில் செமாஃபோர் (காத்திருக்கும் டாஸ்க்கை எழுப்பும் சைகை) கொடுக்கிறேன், டாஸ்க்கும் விழிக்கிறது. ஆனால் சில சமயம் உடனே, சில சமயம் ஒரு மில்லிசெகண்ட் தாமதமாக. ஏன் இப்படி?

ப: ஐஎஸ்ஆரிலிருந்து கூப்பிடும் ஃப்ரம்ஐஎஸ்ஆர் ஃபங்ஷனின் கடைசி ஆர்க்யுமென்ட்டில் நல் என்று கொடுத்திருக்கிறீர்கள். உசத்தியான டாஸ்க் விழித்துவிட்டது என்று கெர்னல் சொல்ல வரும் இடமே அதுதான். ஒரு வேரியபிளைப் பொய் என்று தொடங்கி அதன் முகவரியைக் கொடுங்கள். ஐஎஸ்ஆரின் கடைசி வரியில் அதை, டாஸ்க்கை மாற்றச் சொல்லும் ஈல்ட் மேக்ரோவுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் டாஸ்க் மாற்றம் அடுத்த டிக் (கெர்னலின் கடிகாரத் துடிப்பு) வரை காத்திருக்கும். டிக் 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லிசெகண்ட் வரை, 100 என்றால் பத்து வரை. ஒரே ஒரு டாஸ்க் விழிப்பதற்காக மட்டும் செமாஃபோர் என்றால் அதை விட்டு டாஸ்க் நோட்டிஃபிகேஷனுக்கு மாறுங்கள். வேகமும் கூட, மெமரியும் மிச்சம்.

கே: ஐஎஸ்ஆரில் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பூட்டு) எடுக்கலாமா?

ப: மியூடெக்ஸுக்கு உரிமையாளர் என்று ஒரு டாஸ்க் வேண்டும். ஐஎஸ்ஆர் டாஸ்க் இல்லை, அதனால் காத்திருக்கவும் முடியாது. எடுக்கக் கூடாது.

கே: ஃப்ரீஆர்டாஸின் போர்ட் கோப்பில் (கெர்னலைச் சிப்போடு பொருத்தும் கோப்பு) ஒரு அசர்ட் வரியில் என் புரோகிராம் நின்றுவிட்டது. கான்ஃபிக் கோப்பில் அந்த அசர்ட் மேக்ரோவைக் கமென்ட் செய்தேன், சரியாகிவிட்டது. ஆனால் இப்போது மூன்று நாளுக்கு ஒரு முறை ஹேங் ஆகிறது. வாட்ச்டாக் (உறைந்துபோனால் ரீசெட் செய்யும் டைமர்) போட்டால் போதுமா?

ப: சரியாகவில்லை. உங்களிடம் சொல்ல வந்ததன் வாயில் துணியை அடைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தக் கடிதம் வருடத்துக்கு நாலைந்து முறையாவது எனக்கு வருகிறது, எழுதுகிறவர்தான் வேறு.

அந்த அசர்ட் என்ன பார்க்கிறது தெரியுமா? இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஐஎஸ்ஆரின் எண்ணைப் பிராசஸரிடம் கேட்கிறது. அந்த எண்ணுக்கு என்விஐசியில் என்ன முன்னுரிமை எழுதியிருக்கிறது என்று படிக்கிறது. கெர்னலைக் கூப்பிட அனுமதி உள்ள எல்லையைத் தாண்டி உசத்தியாக இருந்தால் நிறுத்துகிறது. உங்கள் கான்ஃபிக் கோப்பில் அந்த எல்லை 5. ஆக 5 முதல் 15 வரை உள்ளவை கெர்னலைக் கூப்பிடலாம், 0 முதல் 4 வரை உள்ளவை கூப்பிடக் கூடாது. உங்கள் டைமர் இன்டரப்ட்டுக்கு நீங்கள் முன்னுரிமையே கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் ரீசெட்டில் இருந்த 0 அப்படியே இருக்கும். 0 என்றால் எல்லாவற்றுக்கும் உசத்தி. அந்த உயரத்திலிருந்து கியூவுக்குள் அனுப்புகிறீர்கள்.

அதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கெர்னல் தன் டாஸ்க் பட்டியலில் ஒன்றைச் சொருகும்போது எந்த முன்னுரிமையிலிருந்து தடுப்பது என்று சொல்லும் பேஸ்ப்ரை ரெஜிஸ்டரில் 80 என்று எழுதிக் கதவைச் சாத்துகிறது. நான்கு பிட்டும் பைட்டின் மேல்பாதியில் இருப்பதால் 5 அங்கே 80 ஆகிறது. 80-ம் அதற்கு மேலும் உள்ளவை வெளியே நிற்கும். உங்கள் 0 நிற்காது. ஒரு பாயின்டர் மாற்றி, அடுத்தது மாற்றும் முன் உங்கள் டைமர் உள்ளே புகுந்து அதே பட்டியலில் தானும் கை வைக்கிறது. பட்டியலின் வால் தன்னையே சுட்டிக்கொள்கிறது. பிறகு எப்போதோ கெர்னல் அந்தப் பட்டியலில் இடம் தேடப் போய், முடிவே இல்லாமல் சுற்றுகிறது. இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் விழ வேண்டும் என்பதால்தான் மூன்று நாளுக்கு ஒரு முறை. ஹேங் ஆனதும் டீபக்கரை மாட்டி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் லிஸ்ட் கோப்பில் இடம் தேடும் ஃபார் லூப்பில்தான் நிற்கும். அந்த லூப்புக்கு மேலேயே, இங்கே நின்றால் இன்டரப்ட் முன்னுரிமையைப் பார் என்கிற பொருளில் கெர்னல்காரர்கள் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பம்பு கன்ட்ரோலர் ஒன்று இப்படித்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உறைந்துபோகும். பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு கபாசிட்டரை மாற்றினோம். எர்த்திங் சரியில்லை என்று வாடிக்கையாளரோடு வாதாடினோம். கடைசியில் வாட்ச்டாக் போட்டு ரீசெட் ஆக விட்டோம். அப்புறம் பம்பு நடுராத்திரியில் தானாக நின்று தானாக ஓடுகிறது என்று புகார். ஐந்து வாரம் கழித்து ஒரு மதிய வேளையில் கான்ஃபிக் கோப்பை மேலிருந்து கீழே படித்தேன். அசர்ட் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு, பக்கத்தில் "நாளை டெமோ, பிறகு எடுக்கவும்" என்று ஒரு குறிப்பு. சாய்கோட்டை அழித்து ஓட்டினேன். இரண்டு செகண்டுக்குள் நின்றது, கோப்பின் பெயரும் வரி எண்ணும் திரையில். என்கோடர் இன்டரப்ட்டின் முன்னுரிமை 0.

உங்களுக்கு மருந்து: அசர்ட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கெர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் 6 அல்லது அதற்கு மேல் எண்ணை வெளிப்படையாகக் கொடுங்கள் (5-ம் செல்லும், ஆனால் எல்லையிலிருந்து ஒரு படி தள்ளியே இருக்கட்டும்). க்ரூப்பிங்கை நான்கு பிட்டும் முன்னுரிமைக்கே என்று வையுங்கள், சப்-ப்ரையாரிட்டிக்கு ஒன்றும் வேண்டாம். இன்னொரு பொறியும் உண்டு: எண்ணை மேல்பாதிக்கு நகர்த்தாமல் எடுக்கும், முன்னுரிமை வைக்கும் சிம்சிஸ் (ஆர்ம் தரும் லைப்ரரி) ஃபங்ஷனுக்கு 5 என்று கொடுப்பது சரி. ஆனால் கெர்னலின் எல்லை மேக்ரோவுக்கு 80 என்றுதான் போக வேண்டும். அங்கே வெறும் 5 எழுதினால் மேல் நான்கு பிட்டும் பூஜ்யம். பேஸ்ப்ரையில் பூஜ்யம் என்றால் எதையும் தடுக்காதே என்று அர்த்தம், கதவே இல்லாத வீடு. சந்தைக்குப் போகும் போர்டில் லூப்பில் நிற்பது ஆகாது என்றால், கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் ரீசெட்டில் அழியாத மெமரியில் எழுதிவிட்டு ரீசெட் ஆகும்படி அசர்ட்டை எழுதுங்கள். வாட்ச்டாக்கை அதற்குப் பிறகு போடலாம்.

கே: டைமர் ஒரு முறை அடித்தால் ஹேண்ட்லர் இரண்டு முறை ஓடுகிறது. எண்ணிக்கை சரியாக இரட்டிப்பாக வருகிறது.

ப: ஃப்ளாகைக் கடைசி வரியில் அழிக்கிறீர்கள். நீங்கள் எழுதியது பெரிஃபெரல் பஸ் வழியாக டைமருக்குப் போய்ச் சேரும் முன்பே ஹேண்ட்லர் முடிந்துவிடுகிறது. இன்டரப்ட் லைன் இன்னும் இறங்கவில்லை என்று பார்த்த என்விஐசி உங்களை மறுபடி கூப்பிடுகிறது. ஃப்ளாகை முதல் வரியில் அழியுங்கள். முடியாத இடத்தில் அழித்துவிட்டு அந்த ரெஜிஸ்டரை ஒரு முறை திரும்பப் படியுங்கள்.

கே: 115200 பாட் வேகத்தில் வரும் ஒவ்வொரு பைட்டையும் ஐஎஸ்ஆரிலிருந்து கியூவில் போடுகிறேன். இது சரியான முறையா?

ப: ஓடும், ஆனால் வீண். ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோசெகண்ட், செகண்டுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் இன்டரப்ட். ஒவ்வொன்றுக்கும் டாஸ்க்கையும் எழுப்பினால் பிராசஸருக்கு அதுவே பிழைப்பாகிவிடும். சர்க்குலர் டிஎம்ஏ (பிராசஸர் தொடாமல் பைட்டுகளை மெமரியில் போடும் வழி), ஐடில்-லைன் இன்டரப்ட் (லைன் சும்மா ஆனதும் வருவது), டாஸ்க்குக்கு ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன். 9600-ல் வரும் ஜிபிஎஸ் மாட்யூல் என்றால் மில்லிசெகண்டுக்கு ஒரு பைட்தான், கியூவே போதும். எதுவானாலும் அந்த இன்டரப்ட்டின் எண் 6-க்குக் கீழே போகக் கூடாது, அசர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

கே: ஐஎஸ்ஆரில் 2 கேபி அரே ஒன்று வைத்திருக்கிறேன். ஹார்டு ஃபால்ட். எல்லா டாஸ்க்கின் ஸ்டாக்கையும் இரட்டிப்பாக்கிவிட்டேன், பலன் இல்லை.

ப: வீட்டில் தண்ணீர் இல்லை என்று பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். டாஸ்க்குகள் பிஎஸ்பி காட்டும் ஸ்டாக்கில், ஐஎஸ்ஆர்கள் எம்எஸ்பி காட்டும் தனி ஸ்டாக்கில். எம்எஸ்பியின் அளவு லிங்கர் ஸ்கிரிப்டில் இருக்கிறது, கியூப் தருவது 1 கேபி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஹுக் டாஸ்க் ஸ்டாக்கை மட்டும்தான் கண்காணிக்கும், இதைப் பார்க்காது. அரேயை ஸ்டேட்டிக் ஆக்குங்கள். அப்படியே மெயினில் உள்ள லோக்கல் வேரியபிள்களையும் பாருங்கள்: ஃப்ரீஆர்டாஸின் இந்த எம்4 போர்ட்டில் ஷெட்யூலர் தொடங்கும்போது எம்எஸ்பி உச்சிக்கே திரும்பிப் போய்விடும், மெயினின் லோக்கல்கள் மேல் ஐஎஸ்ஆர் ஏறி நடக்கும்.

கே: கார்டெக்ஸ்-எம்0 போர்டில் மோட்டார் இன்டரப்ட்டை மட்டும் கெர்னல் தடுக்காமல் விட எந்த எண்ணைக் கொடுப்பது?

ப: எந்த எண்ணும் உதவாது. எம்0-வில் பேஸ்ப்ரையே கிடையாது. கெர்னல் கதவைச் சாத்தினால் மொத்தமாகச் சாத்தும். சில மைக்ரோசெகண்ட் ஆட்டம் தாங்காது என்றால் பல்ஸை டைமரின் அவுட்புட் கம்பேரிலிருந்தே எடுங்கள், அல்லது எம்3-க்குப் போங்கள்.

கே: ஈஎஸ்பி32-ல் செட்டிங்ஸைச் சேமிக்கும்போது மட்டும், கேஷ் அணைந்திருக்கும்போது கேஷில் உள்ள மெமரியைத் தொட்டாய் என்று சொல்லி ரீபூட் ஆகிறது. ஹேண்ட்லருக்கு ஐரேம் (சிப்புக்குள் கோட் வைக்கும் ரேம்) குறி போட்டிருக்கிறேனே?

ப: ஹேண்ட்லருக்குப் போட்டீர்கள், அது கூப்பிடும் ஃபங்ஷனுக்கு? ஃப்ளாஷ் எழுதும்போது கேஷ் அணைக்கப்படும். ஐரேம் என்று சொல்லிப் பதிவு செய்த இன்டரப்ட் அப்போதும் வரும். அது தொடும் கோட் எல்லாம் ஐரேமிலும், படிக்கும் கான்ஸ்ட் டேபிள்கள் டிரேமிலும் (டேட்டா வைக்கும் ரேம்) இருக்க வேண்டும். அவ்வளவு அவசரமில்லாத இன்டரப்ட் என்றால் பதிவு செய்யும்போது அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேலை முடியும்வரை அது காத்திருக்கும், செக்டர் அழிக்க சில பத்து மில்லிசெகண்ட். மேலே மற்றவர்களுக்குச் சொன்ன 6 கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஈஎஸ்பி32-ல் உள்ள எக்ஸ்டென்சா பிராசஸரில் பெரிய எண்தான் உசத்தி, சி-யில் எழுதும் ஹேண்ட்லருக்கு 3 வரைதான்.

கே: பட்டனை ஒரு முறை அழுத்தினால் ஏழு என்று எண்ணுகிறது. என் இன்டரப்ட் முன்னுரிமை தவறா? 6 வைத்திருக்கிறேன், அசர்ட்டும் திறந்துதான் இருக்கிறது.

ப: முதல் முறையாக ஒருவர் இரண்டையும் எழுதி அனுப்பியிருக்கிறார், நன்றி. முன்னுரிமையில் தவறில்லை. பட்டனின் தகடு துள்ளுகிறது, ஏழு முறை நிஜமாகவே தொட்டு விலகியிருக்கும். முதல் விளிம்பில் இன்டரப்ட்டை அணைத்து, 20 மில்லிசெகண்ட் கழித்து ஒரு சாஃப்ட்வேர் டைமரில் பின்னைப் படித்து, பென்டிங் ஃப்ளாகை அழித்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள்.