வாசகர் கேள்வி பதில்: ரோமாபுரிக் கதைகளும் சில்லாலையும்

கேள்வி: கனடாவில் இருக்கிற அக்கா ஆங்கிலத்தில் ஒரு கிறிஸ்தவ வரலாற்று நாவல் தொடரை முழுதாக அனுப்பியிருக்கிறா. நீரோ காலத்து ரோமாபுரி, எருசலேம் அழிவு, சந்தையில் விற்கப்பட்ட ஓர் அடிமைப்பெண், அவளுடைய விசுவாசம் என்று போகிறது. ராத்திரியில் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை, அழுகையும் வருகிறது. ஆனால் எது நடந்தது, எது கட்டினது என்று பிரிக்கத் தெரியவில்லை.
- வாசகி, சுண்டுக்குளி

பதில்: அழுகை வந்தால் அழுதுவிட்டுத் தொடருங்கள் தங்கச்சி, நாவல் அதற்குத்தானே. பிரித்துப் பார்க்க நாலைந்து ஆண்டுகள் தெரிந்தால் போதும். கி.பி. 64இல் ரோம் எரிந்தது. நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டான் என்று ரோம வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதியிருக்கிறார். மிருகத் தோலைப் போர்த்தி நாய்களை ஏவியதும், இருட்டினபின் விளக்குக்குப் பதிலாக ஆட்களையே கொளுத்தியதும் அவர் எழுத்தில் உண்டு. அந்த மனுசனுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது, அதனாலேயே அவருடைய சாட்சிக்கு இன்னும் கொஞ்சம் பெறுமதி. 70இல் ரோமத் தளபதி தீத்து எருசலேமைப் பிடித்து யூதரின் தேவாலயத்தை அழித்தான். அங்கிருந்து அள்ளிய ஏழுகிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிற சிற்பம் ரோமில் தீத்துவின் வளைவில் இன்றைக்கும் நிற்கிறது.

இனி, கவனிக்கவேண்டிய இடம். நீரோ செத்தது 68இல், கொலோசியம் திறந்தது 80இல். உங்கள் தொடரில் நீரோ கொலோசியத்தில் குந்தியிருந்து சிங்கத்தை அவிழ்த்துவிடச் சொன்னால், எழுதினவர் தேடிப்பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். நிலத்தடிக் கல்லறைகளுக்குள் கிறிஸ்தவர்கள் வருசக்கணக்கில் ஒளிந்து குடியிருப்பதும் அப்படித்தான், அவை முக்கியமாகப் பிணம் அடக்கிய இடங்கள்.

அந்த அடிமைப்பெண் விசயத்தில் மட்டும் எழுத்தாளரைச் சந்தேகப்படாதீர்கள். 112ஆம் ஆண்டளவில் பிளினி என்ற ரோம ஆளுநர், இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுச் சக்கரவர்த்தி திராஜானுக்குக் கடிதம் எழுதினார். உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக அதில் சொல்கிறார், இருவரும் சபையில் ஊழியம் செய்தவர்கள். பெயர்கூடப் போடவில்லை. உங்கள் நாவல் அந்தப் பெயரில்லாத இரண்டு பேருக்கு ஒரு முகம் கொடுக்கப் பார்க்கிறது என்று நினைத்து வாசியுங்கள்.

கேள்வி: இப்படியான தொடர்களில் முதற்கதைக்கு முந்தின கதை என்று பிறகு ஒரு பாகம் வருகிறதே, எதை முதலில் வாசிப்பது?
- வாசகர், மானிப்பாய்

பதில்: வெளிவந்த ஒழுங்கில். பிறகு எழுதின முன்கதை, முதற்பாகம் மறைத்துவைத்ததை எல்லாம் உடைத்துவிடும்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். வகுப்புத் தோழி தந்த கிறிஸ்தவ நாவலை நான் வாசிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மதம் மாற்றுகிற புத்தகம் என்கிறா.
- வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவவின் பயத்துக்கு இந்த ஊரில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரியபுராணத்தை எடுத்துக்கொண்டு போய் அவவுக்குப் பக்கத்தில் இருங்கள். நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கிறான், நஞ்சு கொடுக்கிறான், யானையை விடுகிறான், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போடுகிறான். அரசன் ஒரு பக்கம், நம்பிக்கையை விடாத ஓர் ஆள் மறுபக்கம். ரோமாபுரி நாவல்களின் கதையும் ஏறக்குறைய இதுதான், அங்கே ஆள் பெரும்பாலும் செத்துப்போவார், அவ்வளவுதான் வித்தியாசம். பெரியபுராணத்தை எல்லோரும் வாசிக்கட்டும் என்று 1852இல் வசனத்தில் அச்சிட்ட ஆறுமுக நாவலர், அதற்கு முன்னர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். அந்தப் பைபிளை வரிவரியாக அறிந்த நாவலர் சைவராகவேதான் நின்றார். இதையும் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நான் கிறிஸ்தவன்தான், ஆனாலும் சலிக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கெட்டவன் திருந்திவிடுகிறான், செபித்ததெல்லாம் கிடைத்துவிடுகிறது.
- வாசகர், பாஷையூர்

பதில்: எனக்கும் சலிக்கும் தம்பி. முந்நூறாம் பக்கத்தில் குதிரைக்காரன் ஞானஸ்நானம் எடுப்பான் என்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் பிறகு எதற்கு வாசிப்பது? விசுவாசக் கதைக்கு உயிர் கொடுப்பவர்கள் தடுமாறினவர்கள். சேவல் கூவ முதல் மறுதலித்த பேதுருவை எடுத்துவிட்டுச் சுவிசேசத்தைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு மெலிந்துபோகும்!

கி.பி. 250இல் தேசியுஸ் சக்கரவர்த்தி ஒரு கட்டளை போட்டான். எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்கவேண்டும், கொடுத்ததற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்தில் பப்பிரசுத் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பயத்தில் பலி கொடுத்தவர்களும் உண்டு, பலி கொடுக்காமல் காசு கொடுத்துத் துண்டை மட்டும் வாங்கினவர்களும் உண்டு. ஆபத்து நீங்கினபின் இவர்கள் திரும்பவும் கோயில் வாசலில் வந்து நிற்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தியின் புருசனைக் கொன்றிருக்கிறார்கள், இவர் துண்டு வாங்கித் தப்பினவர், இப்போது இரண்டு பேரும் ஒரே பூசையில். சேர்ப்பதா, தள்ளிவைப்பதா என்று ஆயர்களே பிடுங்குப்பட்டார்கள். வட ஆபிரிக்காவில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் அந்தக் கலவரத்தில் ஒளிந்திருந்தவர், 258இல் வேதசாட்சியாகத் தலை கொடுத்தவரும் அவரேதான். இந்த ஒரு மனுசனை வைத்து மூன்று பாகம் எழுதலாம். இப்படியான ஆட்கள் வருகிற தொடராகத் தேடுங்கள், மற்றவற்றைப் பாதியில் மூடிவைத்தால் பாவமில்லை.

கேள்வி: ரோமாபுரி, எருசலேம் எல்லாம் சரி. எங்கள் ஊரை வைத்து, தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா?
- வாசகி, இளவாலை

பதில்: இருக்கிறது, ஆனால் நாவல் தொடராக இல்லை. மங்களநாயகம் தம்பையா 1914இல் எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்மணி எழுதிய நாவல், விசுவாசமும் குடும்பத் துன்பமும் கலந்தது, கட்டாயம் வாசியுங்கள். வரலாற்றுக் கதை வேண்டுமென்றால் கூத்துக் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். மானின் கொம்புகளுக்கு நடுவில் சிலுவையைக் கண்டு மனம் மாறுகிற ரோமப் படைத்தலைவன், மனைவி பிள்ளைகளைப் பறிகொடுத்துத் திரும்பக் கண்டுபிடித்து, கடைசியில் குடும்பத்தோடு கொல்லப்படுகிறான் என்பது எஸ்தாக்கியார் கதை. வரலாற்றாசிரியர்கள் கட்டுக்கதை என்பார்கள், அது அவர்கள் பாடு. எங்கள் கடற்கரை ஆட்கள் ரோமாபுரியை விடிய விடியப் பாடி ஆடியிருக்கிறார்கள்.

எழுதப்படாமல் கிடப்பதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் என்ற குரு கூலியாள் வேசத்தில் வந்து இறங்குகிறார், வயிற்றோட்டத்தில் செத்துப் பிழைக்கிறார், பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போகிறார். சோறு போட வந்தவர் செபமாலையைப் பார்க்கிற பார்வையை வைத்து, இந்த வீடு நம்முடைய வீடா இல்லையா என்று கணிக்கவேண்டும். காட்டிக்கொடுத்தால் முடிந்தது கதை. அப்புறம் யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தில் இரவுப் பூசைகள், கண்டியில் வேவுகாரன் என்று சிறை, 1711இல் அங்கேயே மரணம். 2015 ஜனவரியில் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவரை மட்டும் எழுதினாலும் கதை முடியாது. அதே ஒல்லாந்தர் காலத்தில் பதவிக்கும் கலியாணப் பதிவுக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. பகலில் தோம்பு என்ற ஒல்லாந்தர் பதிவேட்டில் கிறிஸ்தவப் பெயர், வீட்டுக்குள்ளே சைவ விரதம். விரதச் சோறு சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் பிடிபடுவோம் என்று கூரைக்குள் செருகி ஒளித்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில்லாலையில் ஒளிந்து பூசை கண்டவரும் கூரையில் இலை செருகினவரும் பயந்தது ஒரே அதிகாரிக்கு. இவர்கள் இருவரும் அயலவராக வருகிற நாவலை யாராவது எழுதினால், கத்தோலிக்கர் சைவர் இரண்டு பக்கமும் வாசிக்கும். பிறகு அமெரிக்க மிசன் காலம் இருக்கிறது, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி இருக்கிறது, படிப்புக்குக் காசு அனுப்பின அமெரிக்கரின் பெயரையே தன் பெயராகச் சுமந்து திரிந்த யாழ்ப்பாணப் பெடியன் இருக்கிறான். இளவாலையிலிருந்து சில்லாலை கூப்பிடு தூரந்தானே, நீங்களே தொடங்கினால் என்ன?

கேள்வி: எங்கள் பங்கு இளைஞர்களோடு கூடி இப்படி ஒரு தொடரை வாசிக்க ஆசை. எப்படி நடத்தலாம்?
- வாசகர், குருநகர்

பதில்: ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும், ஆங்கிலம் வராதவர்களுக்கு இடையில் நிறுத்திக் கதையைத் தமிழில் சொல்லுங்கள். வாசித்து முடிய மறைக்கல்வி வகுப்பு மாதிரிக் கேள்வி கேட்காதீர்கள், அவர்களே கதைப்பார்கள். கூத்துப் பழகுகிற நாளில் மட்டும் வைக்கவேண்டாம், ஒருவரும் வரமாட்டார்கள்.